அணி கைமாறும்போது விற்கப்படுவது எது?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பேஸ்பால் அணிக்கு உரிமையாளர் மாறப்போகிறார் என்று செய்தி வந்ததும், வாங்கப் போவது யார் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. தொலைக்காட்சி ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? மைதானமும் சுற்றியுள்ள நிலமும் யார் பேரில் இருக்கின்றன? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் விலை ஏறக்குறைய தெரிந்துவிடும். இதை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை வைத்தே பார்ப்போம்.

ஓமாலி குடும்பத்திடமிருந்து ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் 1998இல் அதை வாங்கியது. 31.1 கோடி டாலர். 2004இல் ஃபிராங்க் மெக்கோர்ட் என்ற பாஸ்டன் கட்டுமான முதலாளி ஏறத்தாழ 43 கோடிக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். வாங்கிய கையோடு சொத்தைக் கூறு போட்டார்: அணி ஒரு நிறுவனம், மைதானம் ஒரு நிறுவனம், கார் நிறுத்தும் நிலம் இன்னொன்று. தன் மைதானத்து வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்கு அணியே ஆண்டுக்கு 1.4 கோடி டாலர் வாடகை கொடுத்தது. வருங்கால டிக்கெட் வருமானத்தின் மேலும் கடன் ஏறியது. கூறு போட்டால் ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக அடகு வைக்கலாம். வரவு குறையும் ஆண்டில் எல்லாக் கடன்காரரும் ஒரே நாளில் வாசலில் நிற்பார்கள் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

அந்த ஆண்டு வந்தது. 2009இல் ஃபிராங்கும் மனைவி ஜேமியும் பிரிந்தார்கள். கலிபோர்னியா சட்டப்படி, மணவாழ்வில் சேர்த்த சொத்தில் இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் 2004இலேயே இருவரும் ஒரு சொத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆறு பிரதிகள். ஃபிராங்கின் தனிச்சொத்துப் பட்டியலில் மூன்று பிரதிகள் டாட்ஜர்ஸ் 'உட்பட' என்றன. மற்ற மூன்று டாட்ஜர்ஸ் 'நீங்கலாக' என்றன. ஒரே ஒரு சொல்! 2010 டிசம்பரில் நீதிமன்றம் அந்த உடன்படிக்கை செல்லாது என்றது. அணி யாருடையது என்றே சொல்ல முடியாத நிலை. அப்படிப்பட்ட சொத்தின் மேல் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

மெக்கோர்ட் கடைசியாகப் பிடித்த கயிறு தொலைக்காட்சி. ஃபாக்ஸ் நிறுவனத்தோடு 17 ஆண்டு ஒப்பந்தம் பேசினார். முன்பணம் 38.5 கோடி டாலர். அதில் ஏறத்தாழ பாதி அணிக்குப் போகாது, சொந்தத் தேவைக்குப் போகும் என்று கண்டார் பேஸ்பால் லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் பட் சீலிக். 2011 ஏப்ரலிலேயே அணியின் அன்றாட நிர்வாகத்தைக் கண்காணிக்க லீக் சார்பில் ஆளை அமர்த்தியிருந்தவர், ஜூன் 20இல் ஒப்பந்தத்தையும் மறுத்தார். மாதக் கடைசியில் வீரர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். ஜூன் 27இல் அணி டெலவேர் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அன்று கொடுத்த கடன்காரர் பட்டியலில் முதலிடம் மேனி ராமிரெஸுக்கு. முந்தைய ஆண்டே அணியை விட்டுப் போய்விட்ட ஆட்டக்காரர்; தள்ளிப்போட்ட சம்பளமாக ஏறத்தாழ 2.1 கோடி டாலர் அவருக்குப் பாக்கி இருந்தது. புதிதாக ஓர் அணியை வாங்குகிறவர் இன்றைய ஆட்டக்காரரோடு, நேற்றைய ஆட்டக்காரரின் சம்பளத்தையும் சேர்த்தே வாங்குகிறார். கணக்குப் பார்க்கும்போது பலர் தவறவிடுவது இந்த வரியைத்தான்.

2011 நவம்பரில் மெக்கோர்ட் விற்க ஒப்புக்கொண்டார். வழக்கமான விற்பனையில், உரிமையாளர் முதலீட்டு வங்கியை அமர்த்துவார்; கணக்குகளைப் பார்க்க விரும்புவோர் ரகசியம் காக்கக் கையெழுத்திடுவார்கள்; விலை கேட்பார்கள்; பிறகு லீக் அவர்களின் பின்னணியையும் பணத்தின் மூலத்தையும் துருவும். குழுவாக வாங்கினாலும் இறுதி முடிவுக்கு ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். 30 அணி உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர், அதாவது 23 பேர், கைதூக்க வேண்டும். டாட்ஜர்ஸ் விஷயத்தில் இது தலைகீழாக நடந்தது. தகுதியானவர் யார் என்று லீக் முதலில் வடிகட்டிக் கொடுத்தது, அவர்களுக்குள் ஏலம் நடந்தது. நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன். முதலில் விலை, பிறகு வாக்கெடுப்பு என்றால், வாக்கெடுப்பில் தோற்கும் பயத்தால் விலை குறைத்துக் கேட்பார்கள்.

2012 மார்ச் 27 இரவு செய்தி வெளியானது. மார்க் வால்ட்டர் தலைமையிலான குகன்ஹைம் என்ற முதலீட்டுக் குழு வாங்கியது. முன்னாள் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் அதில் சிறு பங்குக்காரர், ஆனால் படத்தில் அவர்தான் நடுவில். விலை 200 கோடி டாலர். நிலத்தில் மெக்கோர்ட்டோடு கூட்டுச் சேர இன்னும் 15 கோடி. அதற்கு முன் பேஸ்பாலில் அதிக விலை போனது சிகாகோ கப்ஸ், 2009இல் 84.5 கோடி.

இரண்டு மடங்குக்கும் மேல் ஏன்? பைத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு. காலண்டரைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபாக்ஸ் ஒப்பந்தம் 2013 பருவத்தோடு முடிகிறது. ஐபிஎல்லில் ஒளிபரப்பு உரிமையை வாரியமே மொத்தமாக விற்றுப் பகிர்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம்; அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளூர் ஒளிபரப்பு உரிமை அந்தந்த அணிக்கே சொந்தம். அன்றைய விதிப்படி உள்ளூர் வருமானத்தில் 34 விழுக்காடு எல்லா அணிகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் குவியலுக்குப் போக வேண்டும். ஆனால் திவால் வழக்குச் சமரசத்தில், டாட்ஜர்ஸின் தொலைக்காட்சிப் பணத்தில் எவ்வளவு அந்தக் கணக்கில் சேரும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு கிடைத்தது. ஆக, குகன்ஹைம் வாங்கியது, நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தையில் யார் கையும் படாத ஒரு கையெழுத்தை. 2013 ஜனவரியில் அந்தக் கையெழுத்து டைம் வார்னர் கேபிளோடு போடப்பட்டது: 25 ஆண்டு, 835 கோடி டாலர் என்று செய்தி வந்தது. மைதானமும் கார் நிறுத்துமிடமும் போக, 215 கோடி மலிவாகவே தெரிகிறது.

அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது. 2014இல் அணிக்கென்றே தொடங்கிய அலைவரிசைக்கு டைம் வார்னர் கேட்ட மாதக் கட்டணத்தை மற்ற கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. நகரத்தில் பெரும்பாலான வீடுகளில் திரை இருட்டு. டைரக்டிவி 2020 ஏப்ரலில்தான் இணைந்தது. அணி வென்றுகொண்டே இருந்தது, ரசிகர் பார்க்க முடியவில்லை.

வின் ஸ்கல்லி, டாட்ஜர்ஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த காலத்தில், 1950இல் அதன் ஆட்டங்களை வர்ணிக்கத் தொடங்கியவர், 67 பருவங்கள். மூன்று தலைமுறைக்கு கோடைக்காலம் என்றாலே அவர் குரல். அவருடைய கடைசி மூன்று பருவங்கள் இந்த இருட்டுக்குள்ளேயே போயின. 2016இல் அவர் விடைபெறும்போது கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச அலைவரிசையிலும் காட்டினார்கள்.