450 ரூபாய் ஸ்ட்ரைக்கரும் எங்கள் வீட்டு கேரம் ஆட்டமும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு சமையல் கிடையாது, ஷாப்பிங் கிடையாது. நேராகக் கோபத்துக்கே வருகிறேன்.

போன வீடியோவில் காட்டினேனே ஒரு பச்சை ஸ்ட்ரைக்கர், கேரம் காய்களை அடிக்கிற வட்டு, ஆன்லைனில் 450 ரூபாய் கொடுத்து வாங்கியது. அட்டையில் 'டோர்னமென்ட் தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இது கையில் எடுத்ததுமே கனத்தது. நம்ம கோயம்புத்தூரில் நகைப்பட்டறைக்கா பஞ்சம்? தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் கொண்டு போய்த் தங்கம் நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னேன். 17.4 கிராம்! அண்ணன் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அதே 17.4.

இரண்டு கிராமில் என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு காயே 5 கிராம், மிஞ்சினால் ஐந்தரை. லேசாகத் தட்டினால் விழ வேண்டிய காய், குழி ஓரத்தில் அடித்துத் தெறிக்கிறது. இல்லையா, காய் விழுந்த கையோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய் பைன் ஆகிறது. விற்றவர்களுக்கு எழுதினால், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படி நிறுப்பது, நீங்களே சொல்லுங்கள்!

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் கேரம் ஆட்டம். மாமா, நான், என் பெண், எதிர்வீட்டு அக்கா. மாமா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், யாரிடமும் பேச்சே இருக்காது. அவரை இப்போது பார்க்க வேண்டும். "ஃபாலோ போடலையே, ரெட்டை எடுத்து நடுவுல வை கண்ணு!" என்று பேத்தியிடம் மல்லுக்கு நிற்கிறார். ரெட் என்றால் சிவப்புக் காய், அதைப் போட்ட கையோடு நம்ம காய் ஒன்றையும் போடுவதுதான் ஃபாலோ. ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்று அவரே சொல்கிறார்.

எனக்கும்தான். ஆபீஸ் டென்ஷன் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பதில்லை. காய் எந்தக் கோணத்தில் போகும் என்று கண் அளந்துகொண்டிருக்கும்போது மேனேஜர் சொன்னது எப்படி ஞாபகம் வரும்? விரலெல்லாம் பவுடர், அதனால் போனை எடுக்கவும் மனசு வராது. யோகா, தியானம் எல்லாம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை, இதில் வருகிறது.

இப்போது கமென்ட்டுக்கு வருகிறேன். 'இதில் என்ன லாபம் அக்கா, கோச்சிங் கிளாஸ் ஆரம்பிங்க, ஆட்டத்தை லைவ் போடுங்க' என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேரமைத் தொழிலாகவே எடுத்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியவர். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். அது உழைப்பு, தினசரிப் பயிற்சி. எங்களுடையது விளையாட்டு, அவ்வளவுதான். ஒரு நாள் டிரைபாடை வைத்துப் பார்த்தேன். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து விறைப்பாக உட்கார்ந்துவிட்டார், ஒரு சத்தம் இல்லை. எதிர்வீட்டு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அந்தச் சத்தமும் சண்டையும் போய்விட்டால் அப்புறம் எதற்கு ஆட்டம்? அதனால் லைவ் கிடையாது, கிடையவே கிடையாது. எல்லாவற்றையும் காசாக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம் பலகையில் தூவ எந்தப் பவுடர் என்று கேட்டிருந்தீர்கள். போரிக் பவுடர்தான் வாங்க வேண்டும். முகத்துக்குப் போடுவதைத் தூவாதீர்கள், காய் ஒட்டும். போரிக் வாய்க்குள் போகக் கூடாது, அதனால் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், ஆடி முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேனே. நேற்று டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய விளையாட்டுச் சாமான் கடையில் வேறு ஸ்ட்ரைக்கர் வாங்கினேன், 180 ரூபாய்தான். கடைக்காரரே தராசு வைத்திருக்கிறார். 14.8 கிராம்! முதல் ஆட்டத்திலேயே ரெட்டும் ஃபாலோவும் அடுத்தடுத்துப் போட்டேன், மாமா ஒத்துக்கொண்டார். உங்கள் ஊரில் நல்ல ஸ்ட்ரைக்கர் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று எழுதுங்கள், எடையையும் சேர்த்து.