மின்கட்டணம் யார் கட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கணக்குத் தணிக்கையாளன். ஊரார் வரவு செலவைப் படிப்பதுதான் என் பிழைப்பு. பிழைப்புக்குப் படித்தது போக, ஆசைக்கும் சில கணக்குகளைப் படிப்பேன். திறமூல மென்பொருள் திட்டங்கள் வெளியிடும் கணக்குகள் அவை. யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம், நிரலை, அதாவது கணினிக்கு எழுதிய கட்டளை வரிகளைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் மென்பொருள்களைத்தான் திறமூலம் என்கிறோம். இலவசமாகக் கொடுப்பவர் கைக்குப் பணம் எப்படி வருகிறது, வந்தது எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலில் ஒரு மின்கட்டண பில். கனடாவின் கால்கரி நகரில் தியோ டி ராட் என்பவரின் வீட்டில் பல வகைக் கணினிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், அங்கேதான் உருவாகிறது. இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இதே குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற கருவியின் தயவில் இருக்கிறார்கள். தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உலகம் முழுவதும் இணையதளங்களைத் தாங்கும் வழங்கிக் கணினிகளில் பயன்படுவது அதுதான். பெரிய நிறுவனங்கள் அத்தனையும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் 2014 ஜனவரியில் அந்தக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர் மின்கட்டணம் கட்ட வழியில்லை. யாராவது உதவாவிட்டால் திட்டத்தை மூட வேண்டியிருக்கும் என்றது.

அந்தப் பழைய கணினிகளைத் தூக்கிப் போட்டால் மின்சாரம் மிச்சமாகுமே என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். ஒரு வகைக் கணினியில் ஒளிந்திருக்கும் பிழை வேறொரு வகையில் ஓட்டும்போது வெளியே தெரியும், அதற்காகத்தான் வைத்திருக்கிறோம் என்பது குழுவின் பதில். பயன்படுத்துபவர் கண்ணுக்கு அது வீண் செலவு. செய்பவருக்கு அதுதான் வேலையே.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருக் கோயிலின் குடமுழுக்குக் குழுவில் நான் பொருளாளனாக இருந்தவன். மணி வாங்க வேண்டும் என்று சொன்னதுமே மூன்று பேர் முந்திக்கொண்டு வந்தார்கள். மணி ஒன்று, உபயதாரர் மூவர். யார் பெயரை மேலே பொறிப்பது என்பதில் ஒரு வாரம் போயிற்று. மண்டலாபிஷேகமும் முடிந்த பிறகு மின்கட்டண பில்லை எடுத்துக்கொண்டு அதே மூன்று வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

ஓப்பன்பிஎஸ்டிக்கு மோரோடு நிற்கவில்லை. பிட்காயின் தொழிலில் இருந்த ருமேனியக்காரர் ஒருவர் 20,000 டாலர் கொடுத்தார். செய்தி பரவ, ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் தருவதாக உறுதிமொழிகள் வந்துவிட்டன. மூடிவிடுவோம் என்று சொன்ன பிறகுதான் உண்டியல் நிறைந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்றே மாதத்தில், ஏப்ரலில், ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் மறைக்கப்பட்டுப் போவதற்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் இருந்த பிழை அது. அதைப் பயன்படுத்தி எவரும் வழங்கியின் நினைவகத்தில் இருப்பதைச் சிறிது சிறிதாக உருவிக்கொள்ளலாம். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் இருந்தே அந்த ஓட்டை திறந்துதான் கிடந்தது.

அந்தத் திட்டத்தின் கணக்கு அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை. முழுநேரமாக அதிலேயே உட்கார்ந்து வேலை செய்தவர் ஒரே ஒருவர். எல்லாரும் இந்த 2,000 டாலரைப் பிடித்துக்கொண்டு அங்கலாய்த்தார்கள். ஒரு தணிக்கையாளனாக எனக்கு உறுத்தியது வேறொரு வரி. அவர்களுக்கு நன்கொடையைவிடப் பல மடங்கு வருவாய் ஒப்பந்த வேலையில் வந்துகொண்டிருந்தது. இன்ன வசதியைச் சேர்த்துக் கொடு, இன்ன அரசுச் சான்றிதழ் வாங்கிக் கொடு என்று கேட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்தன. பழைய நிரலை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார் என்று சொல்லி யாரும் கொடுக்கவில்லை. புதிய மாடி கட்டக் கூலி கிடைத்தது. அடித்தளத்தில் விரிசல் பார்க்கக் கூலி இல்லை.

ஓட்டை தெரிந்த பிறகு உலகின் மூலை முடுக்குகளில் இருந்தெல்லாம் ஐந்து டாலர், பத்து டாலர் என்று தனி மனிதர்கள் அனுப்பினார்கள். சேர்ந்தது சுமார் 9,000 டாலர். மனம் நெகிழ்கிறது, ஆனால் ஒருவருக்கு நல்ல சம்பளமாகக்கூட அது ஆகாது. பிறகு, லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்குத் துணை நிற்கும் லினக்ஸ் அறக்கட்டளை முன்னின்று கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஃபேஸ்புக் முதலான நிறுவனங்களை அழைத்தது. ஒவ்வொன்றும் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு இரண்டு முழுநேர ஊழியர்கள் கிடைத்தது அந்தப் பணத்தில்தான்.

லினக்ஸ் அறக்கட்டளை என்றதும் ஒரு தெளிவு தேவை. ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் வரவுள்ள அமைப்பு அது. 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி அதில் கர்னல் எனப்படும் லினக்ஸின் மையப் பகுதிக்கென்று செலவானது சுமார் 3 விழுக்காடு. இதைப் பார்த்துக் கொதிப்பவர்கள் உண்டு. நான் கொதிக்கவில்லை. கர்னலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹாட், கூகுள் போன்ற நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அந்தச் சம்பளம் எந்த அறக்கட்டளைக் கணக்கிலும் நன்கொடை என்று ஏறாது. திறமூலத்துக்குப் போகும் பணத்தில் பெரும் பங்கு இப்படி உண்டியலைத் தொடாமலேயே போய்விடுகிறது.

சரி, சம்பளம்தான் மருந்து என்றால் எல்லாத் திட்டங்களும் நன்கொடையில் சம்பளம் கொடுத்துவிடலாமே? டெபியன் திட்டத்தில் 2006-இல் நடந்ததைக் கேளுங்கள்.

டெபியன் என்பது தன்னார்வலர்களின் இயங்குதளம். அதற்கு வரும் நன்கொடையை வாங்கி வைத்துக்கொள்ள 1997-இல் ‘சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்’ என்ற தனி அமைப்பு அமெரிக்காவில் பதிவானது. வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, சட்டச் சிக்கல் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்; வரும் நன்கொடையில் 5 விழுக்காட்டை அதற்காக எடுத்துக்கொள்ளும். என் தொழிலில் இருப்பவனுக்கு இந்த 5 விழுக்காடு மிக மலிவு. மீதிப் பணம் கணினி வாங்க, நேரில் கூடி வேலை செய்ய, ஆண்டு மாநாட்டுக்குப் பயணச் செலவு இல்லாதவர்களை அழைத்துவரப் போகும். 2023-இல் அந்த மாநாடு நம் பக்கத்துக் கொச்சியில் நடந்தது. நிரல் எழுதுபவருக்குத் திட்டத்தின் பணத்தில் சம்பளம் இல்லை என்பது அங்கே ஊறிப்போன வழக்கம்.

2006-இல் புதிய பதிப்பை டிசம்பருக்குள் வெளியிட்டுவிட வேண்டும் என்று திட்டத்தின் தலைவரும் சிலரும் விரும்பினார்கள். டங்க்-டேங்க் என்ற பெயரில் வெளியில் நிதி திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு ஆளுக்கொரு மாதம் முழுநேர ஊதியம் கொடுத்தார்கள். இரண்டு பேர், இரண்டு மாதம். அவ்வளவுதான். உள்ளே புயல் கிளம்பியது. பத்தாண்டாக நானும்தானே இரவு கண்விழித்துச் செய்கிறேன், அவருக்கு மட்டும் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. விரும்பிச் செய்துவந்த வேலையைச் சிலர் குறைத்துக்கொண்டார்கள். தலைவரை நீக்கக் கோரி வாக்கெடுப்புவரை போனது, அவர் நீக்கப்படவில்லை. டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் பணத்தைக் கொட்டி வேகத்தை வாங்க நினைத்தவர்களுக்கு அந்த நான்கு மாதம் நல்ல பாடம்.

கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்கு மட்டும் சமையலுக்குக் கூலி கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் டெபியன் வேறு வழி கண்டது. பழைய பதிப்புகளுக்கு நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தம் தரும் சலிப்பான வேலைக்கு, வெளியே ஒரு தனி நிறுவனம் நிறுவனங்களிடம் பணம் வாங்கி, மணிக்கணக்கில் ஊதியம் கொடுக்கிறது. திட்டத்தின் உண்டியலில் யாரும் கை வைப்பதில்லை.

நன்கொடையிலேயே சம்பளம் கொடுத்துத் தழைத்த திட்டமும் உண்டு. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை 2012-இல் அதை உருவாக்கிவந்த மொசில்லா அமைப்பு ஏறக்குறையக் கைவிட்டது. இன்று அது வாழ்வது பயனர்கள் கொடுக்கும் பணத்தில். 2022-இல் சுமார் 64 லட்சம் டாலர் வந்தது. பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்குப் போனது. பயன்படுத்துகிறவரிடமே, மென்பொருளுக்குள்ளேயே, கூச்சப்படாமல் கேட்டார்கள்.

அதே வீட்டில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலவி பிடித்துப்போய் மொசில்லா அறக்கட்டளைக்கு நன்கொடை அனுப்புகிறவர்கள் பலர். அந்தப் பணம் உலவியை உருவாக்கும் வேலைக்குப் போவதில்லை. உலவியை உருவாக்குவது மொசில்லா கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம்; அதன் வருமானத்தில் பெரும்பங்கு, உலவியில் தன் தேடுபொறியை வைத்திருப்பதற்காகக் கூகுள் தருவது. அறக்கட்டளை இதை மறைக்கவில்லை. நாம்தான் ரசீதில் இருக்கும் பெயரைப் படிப்பதில்லை.

நம் நாட்டில் இருந்து கொடுப்பதிலும் வாங்குவதிலும் சில முடிச்சுகள் உண்டு. வெளிநாட்டு அறக்கட்டளைக்கு நீங்கள் அனுப்பும் தொகைக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. இந்தியாவில் பதிவான தொண்டு அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமானால் எப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

2024 அக்டோபரில் பெங்களூருவின் ஜீரோதா பங்குத்தரகு நிறுவனம், உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுக்க ஒரு நிதியைத் தொடங்கியது. ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டாலர்வரை. தங்கள் தொழிலே இலவச மென்பொருள் மேல் நிற்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பணம் கேட்கும் திட்டம், தனக்கு எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்று குறித்த வடிவில் ஒரு சிறு கோப்பை எழுதித் தன் தளத்தில் வைக்க வேண்டும். எல்லாரும் திறந்து பார்க்கலாம். முந்தைய ஆண்டுகளின் வரவு, செலவு, வரி ஆகியவற்றை எழுதவும் அதில் இடம் விட்டிருக்கிறார்கள். எந்தத் திட்டத்தின் கோப்பைத் திறந்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

நன்றி, வணக்கம்.