சாவியை மறக்கலைங்க, நம்மளத்தான் நினைக்கல

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணியிலயும் உக்காந்திருக்கற பேச்சாளர்களுக்கும், பொங்கல் வேலையெல்லாம் முடிச்சுட்டு இந்தப் பனியில சேர் போட்டு உக்காந்திருக்கற நம்ம குடியிருப்பு மக்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இன்னைக்கு தலைப்பு, வீட்டுல வண்டி சாவி காணாம போறதுக்குக் காரணம் மறதியா, இல்ல "இது என் வண்டி"ங்கற எண்ணமா? நான் ரெண்டாவது பக்கம் பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி தம்பி நல்லாத்தான் பேசினாரு, மனுஷனுக்கு ஆயிரம் வேலை, ஆபீஸ் டென்ஷன், பிள்ளைங்க ஃபீஸ், இதுக்கு நடுவுல சாவியை எங்கயாவது வெச்சுட்டு மறந்துடறான், அதுக்குப் போய் எண்ணம் சரியில்லைன்னு பழி போடலாமான்னு கேட்டாரு, கைதட்டலும் வாங்கினாரு.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல பீரோ சாவி எத்தனை தடவை காணாம போயிருக்கு? நகை வெச்ச பேங்க் லாக்கர் சாவி? அதே மனுஷன்தான, அதே ஆபீஸ் டென்ஷன்தான? லாக்கர் சாவி எந்த டப்பாவுல எந்தத் துணிக்கு அடியில இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. வண்டி சாவிக்கு மட்டும் எங்கிருந்து வருது இந்த மறதி?

நம்ம ஊர்ல சாவிங்கறது வெறும் இரும்புத் துண்டு இல்லைங்க. கொத்துச்சாவி யார் இடுப்புல தொங்குதோ அவங்க கையிலதான் வீடு இருக்குன்னு அர்த்தம். மாமியார் மருமக கையில கொத்துச்சாவியை எடுத்துக் குடுத்துட்டாங்கன்னா தெருவே பேசும், ஏன்னா குடுத்தது சாவி இல்ல, பொறுப்பு. அந்தக் கொத்துச்சாவி பழக்கந்தான் இன்னைக்கு பேண்ட் பாக்கெட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. கார் சாவி யார் பாக்கெட்டுல இருக்கோ வண்டி அவருது. மத்தவங்க கேட்டு வாங்கணும். எங்க போறே, எதுக்குப் போறே, எப்ப வருவே, ஆட்டோல போனா என்ன, இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள போற வேலையே முடிஞ்சுடும். அதனாலேயே நிறைய பேரு கேக்கறதையே விட்டுட்டாங்க, குறிப்பா பொம்பளைங்க.

இதை நான் எங்கயோ படிச்சுட்டு வந்து சொல்லலைங்க. எங்க வீட்டுல நடந்தது. எங்க வீட்டுக்காரர் அதோ மூணாவது வரிசையிலதான் உக்காந்திருக்காரு, அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மாசம், மழை. அவர் சென்னை போகணும், நைட்டு ஒம்பதரை பஸ்சு. சாயங்காலம் காரை எடுத்துட்டுப் போய் காய்கறி வாங்கிட்டு வந்து நிறுத்திட்டு, அப்புறம் ஆட்டோ புடிச்சு மத்திய பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. கொழுந்தனாருக்கு நைட் ஷிப்ட். வீட்டுல நான், என் பொண்ணு, எங்க மாமியார், மூணு பேருதான். அத்தைக்கு சுகர் உண்டு, ராத்திரி சரியா சாப்பிடல, மாத்திரை மட்டும் போட்டுட்டாங்க. பன்னெண்டரை மணி இருக்கும், ஏதோ முனகற சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பாத்தா ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, என்னைப் பாத்து "யாரு நீ"ன்னு கேக்கறாங்க. சுகர் இறங்கிருச்சுன்னு புரிஞ்சுது, சர்க்கரைத் தண்ணி கரைச்சு வாயில வெச்சா முழுங்கத் தெரியல, கடைவாய் வழியா வழியுது. அதுக்கு மேல ஊத்தினா புரையேறிடும்னு பயந்து நிறுத்திட்டேன்.

கார் வாசல்ல நிக்குது. நான் லைசென்ஸ் எடுத்து ஏழு வருஷம் ஆச்சு அப்பவே. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். சாவி இல்ல.

ஷூ ரேக் மேல பாத்தேன், ஃப்ரிட்ஜ் மேல பாத்தேன், டிவி பக்கத்துல, சோஃபா இடுக்குல கைய விட்டு, அழுக்குத் துணிக் கூடையில அவர் கழட்டிப் போட்ட சட்டைப் பாக்கெட்டுல, பூஜை ரூம்ல, என் பொண்ணு அழுதுகிட்டே பாத்திரக் கூடைய கூட கவுத்துப் பாத்தா. கடைசியில அவருக்கு போன் போட்டேன். ஏங்க, கார் சாவி எங்கங்கன்னேன். தூக்கக் கலக்கத்துல "அங்கதான் இருக்கும், நல்லா பாரு"ன்னாரு. நல்லா பாத்துட்டேங்க, இல்லைங்கன்னு கத்தினேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம் போனுக்குள்ள கிலுங்குன்னு ஒரு சத்தம். அவர் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டிருக்காரு. பஸ்சு அப்ப விழுப்புரத்துக்கிட்ட போயிட்டு இருக்கு. ஸ்பேர் சாவி எங்கன்னா, அது அவர் ஆபீஸ் டிராயர்ல.

108க்கு போன் பண்ணினேன். 2008ல இருந்து நம்ம தமிழ்நாட்டுல ஓடற அந்த வண்டிக்கும் அதுல வேலை பாக்கற பிள்ளைங்களுக்கும் இந்த மேடையில ஒரு கும்பிடு போட்டுக்கறேன். இருபது நிமிஷத்துல வந்தாங்க, வீட்டு வாசல்லயே ட்ரிப் போட்டாங்க, அத்தைக்கு நினைவு திரும்புச்சு. இன்னைக்கு நல்லா இருக்காங்க, அவர் பக்கத்துலதான் போர்வை போத்தி உக்காந்திருக்காங்க. ஆனா அந்த இருபது நிமிஷம் வாசல்ல காரைப் பாத்துகிட்டு அத்தை தலைய மடியில வெச்சுகிட்டு நான் உக்காந்திருந்தது எனக்கு சாகுற வரைக்கும் போகாதுங்க.

எதிரணித் தம்பி இதையும் மறதின்னுதான் சொல்லுவாரு. சாவியை வெச்சுட்டுப் போக மறந்துட்டாரு, அவ்வளவுதானன்னு. இல்லைங்க. ஒரு விஷயம் மனசுல இருந்தாத்தான் அது மறக்கும். வீட்டுல இன்னொருத்தருக்கு இந்த வண்டி தேவைப்படும்ங்கறதே அவர் மனசுல இல்ல, அப்புறம் எங்கிருந்து மறக்கறது? ஊருக்குப் போறப்போ போன் சார்ஜர் எடுத்தாரு, டிக்கெட் எடுத்தாரு, கேஸை மூடினியான்னு என்னைக் கேட்டுட்டுப் போனாரு, அவ்வளவு ஞாபகம். கார் சாவி பாக்கெட்டுல இருக்கறது அவருக்கு உறுத்தவே இல்ல, ஏன்னா அவர் கணக்குல அது இருக்க வேண்டிய இடமே அவர் பாக்கெட்டுதான். அவர் கெட்டவரு இல்லைங்க. அன்னைக்கு விழுப்புரத்துல இறங்கி அடுத்த பஸ்சு புடிச்சு விடியறதுக்குள்ள திரும்பி வந்த மனுஷன். அப்படிப்பட்ட மனுஷன் மனசுலயே இந்த எண்ணம் இருக்குன்னாதான் எனக்குக் கவலையா இருக்கு.

நான் புதுக்கோட்டைக்காரி. 1991, 92 சமயம் எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்துப் படிப்போட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுக்கணும்னு ஏற்பாடு பண்ணினாங்க. கல்குவாரியில வேலை பாக்கறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க, ஆயிரக்கணக்குல பொம்பளைங்க சைக்கிள் கத்துகிட்டாங்க. எங்கம்மா அதுல ஒருத்தி. தனி சைக்கிள் ஏது, எங்கப்பாவோட சைக்கிள்தான், நடுவுல பார் வெச்ச ஜென்ட்ஸ் சைக்கிள். அந்த பார்ல துண்டை சுத்தி என்னை உக்கார வெச்சு, பின்னாடி கேரியர்ல தண்ணிக் குடத்தைக் கட்டிகிட்டு எங்கம்மா மிதிச்சது இன்னும் கண்ணுல நிக்குது, துண்டு நழுவி தொடையில இரும்பு அழுத்தும், வாயைத் திறக்க மாட்டேன், எங்க இறக்கி விட்டுடுவாங்களோன்னு.

அந்த சைக்கிளுக்கு ஒரே ஒரு பூட்டு சாவி. சிவப்பு நூல் கட்டி, வாசப்படிக்குப் பக்கத்துல காலண்டர் மாட்டற ஆணியிலயே தொங்கும். அப்பா வேலை முடிஞ்சு வந்தா சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடி சாவி ஆணிக்குப் போயிடும், ஏன்னா அம்மா தண்ணிக்குப் போகணும்னு அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு அந்த சாவி ஒரு நாள் கூட தொலையல. எங்கப்பாவுக்கு என்ன பெரிய ஞாபக சக்தியா? கடைக்கு அனுப்பினா நாலு சாமான்ல ரெண்டை விட்டுட்டு வருவாரு. சாவியை மட்டும் விட்டதில்ல.

இப்போ பாருங்க, 2018ல வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்துச்சு, பாதி விலை மானியம், அதிகபட்சம் 25,000 ரூபா. எங்க தெருவுலயே ஒரு அக்கா வாங்கினாங்க. ஆர்சி அவங்க பேர்ல, லைசென்ஸ் அவங்க பேர்ல, வண்டி ஓட்டறது அவங்க வீட்டுக்காரர். இந்த அக்கா காலையில டவுன் பஸ்சுக்கு நிக்கறாங்க. சாமி வரம் குடுத்தும் பூசாரி குடுக்காத கதை. கேட்டா, "சாவி எங்க வெச்சாருன்னு தெரியலம்மா, தேடறதுக்குள்ள பஸ்சு போயிடும்"ங்கறாங்க. இதுவும் மறதியா?

எதிரணி அக்கா ஒரு பயம் சொன்னாங்க, சாவியைப் பொதுவுல மாட்டினா பிளஸ் டூ படிக்கற பையன் எடுத்துட்டு ஓடிடுவானேன்னு. நியாயமான பயம்தாங்க, நான் தட்டிக் கழிக்கல. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏன்னு ஒரு பிரிவே கொண்டு வந்திருக்காங்க, 18 வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டித் தப்பு நடந்தா பெத்தவங்களுக்கும் வண்டி ஓனருக்கும் 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி 12 மாசம் ரத்து. ஆனா அக்கா, பையனை நிறுத்தறது சாவியை ஒளிச்சு வெச்சா நடக்காது, அவன் நம்மளை விட நல்லாத் தேடுவான். ஆணியில சாவி இல்லைன்னா யார் எடுத்ததுன்னு உடனே வீட்டுக்கே தெரியும். பாக்கெட்டுலயும் டிராயர்லயும் கிடந்தா, காணாம போனது சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

தலைப்பை விட்டுக் கொஞ்சம் வெளியே போறேன், மன்னிக்கணும், ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. இன்சூரன்ஸ் போடறப்போ 15 லட்ச ரூபாய்க்கு தனிநபர் விபத்து காப்பீடுன்னு ஒண்ணு கட்டறோம் பாருங்க, அது ஓனருக்கு மட்டும்தான். அப்பா பேர்ல இருக்கற வண்டியை மகன் ஓட்டி அவனுக்கு ஏதாவது ஆனா அந்த 15 லட்சம் அவனுக்கு வராது. நாலு பேர் ஓட்டற வண்டின்னா ஏஜென்ட்டைக் கூப்பிட்டு மத்தவங்களுக்கு என்ன கவர் இருக்குன்னு கேளுங்க. அதே மாதிரி வண்டி திருடு போனா க்ளெய்ம் பண்றப்போ ஒரிஜினல் சாவி ரெண்டையும் கேப்பாங்க, ஒண்ணுதான் இருக்குன்னா இன்னொண்ணு எங்கன்னு ஆயிரம் கேள்வி. இப்ப வர்ற கார் சாவிக்குள்ள சிப் இருக்கு, தெருமுனையில சாவி போடறவர்கிட்ட வெட்டி வாங்கினா கதவு திறக்கும், இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ரெண்டு சாவியையும் ஒரே ஆள் வெச்சிருக்கறது எவ்வளவு ஆபத்துன்னு பாத்துக்கங்க.

அந்த ராத்திரிக்கு அப்புறம் எங்க வீட்டுல வாசப்படி பக்கத்துல ஆணி அடிச்சது நான் இல்ல, எங்க வீட்டுக்காரர். ஒரு சாவி ஆணியில, ஸ்பேர் சாவி அத்தை பீரோவுல, அது அத்தைக்கும் எனக்கும் தெரியும். வண்டி எடுக்கறவங்க எங்க போறோம்னு காலண்டர் தாள்லயே கிறுக்கிட்டுப் போவோம். சண்டையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொழுந்தனார் ஆறடி, அவர் ஓட்டிட்டு விட்டா சீட்டு பின்னாடி போயிடும், எனக்கு கிளட்ச் எட்டாது, கண்ணாடியில ரோட்டுக்குப் பதிலா கூரைதான் தெரியும். பெட்ரோல் முள்ளு கீழ இருக்கேன்னு என் பொண்ணும் கொழுந்தனாரும் வாரத்துக்கு ஒரு தடவை மோதுவாங்க. எல்லாரும் ஓட்டறதால வர்ற சண்டைதான இது, வந்துட்டுப் போகட்டும். சாவி தேடற சண்டை மட்டும் எங்க வீட்டுல இப்ப இல்ல. வீட்டுல யாருக்கும் புதுசா ஞாபக சக்தி வந்துடல. என் பொண்ணு எல்எல்ஆர் போட்டப்போ அவ கேக்காமலேயே அவங்கப்பா சாவியை எடுத்து அவ கையில குடுத்தாரு, அன்னைக்கு நான் அடுப்படிக்குள்ள போய் அழுதேன்.

நடுவர் ஐயா, நேரம் ஆச்சுன்னு மணி அடிச்சுட்டீங்க, தெரியுது. "இது என் வண்டி"ங்கற எண்ணந்தான் காரணம்னு உங்க தீர்ப்பை எதிர்பாக்கறேன். இன்னும் பேசலாம், ஆனா நாங்க வந்த கார் சாவி என் ஹேண்ட்பேக்ல இருக்கு, அத்தை மாத்திரை போடற நேரம், அவர் அவங்களை முன்னாடி கூட்டிட்டுப் போகணும். இறங்கிப் போய் சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன். வணக்கம்ங்க.