முத்தத்துக்குள் ஓர் அரசியல்: ஓவியர் பிரான்செஸ்கோ ஹாயெஸ்

[திரையில்: ‘முத்தம்’ ஓவியம், முழுதாக]

பார்த்ததும் காதல் படம் என்றுதான் நினைப்போம். பழைய மாளிகைப் படிக்கட்டு ஓரம் ஒருவன் ஒருத்தியை முத்தமிடுகிறான், அவளுடைய நீலப் பட்டு உடையில் வெளிச்சம் வழிகிறது. சரி, கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

[திரையில்: அவன் கால், நெருக்கத்தில்]

ஒரு கால் ஏற்கெனவே படியில். நின்று பேச வந்தவன் இல்லை, கிளம்புகிற அவசரத்தில் இருக்கிறான். மேலங்கிக்குள்ளிருந்து குத்துவாளின் பிடி தெரிகிறது, இடதுபக்கம் வளைவுக்குள் யாரோ நிற்கும் நிழல் வேறு.

வரைந்த வருடம் 1859. அந்த ஜூனில்தான் வட இத்தாலியின் மிலானை ஆண்டுவந்த ஆஸ்திரியாவின் படை தோற்றுப் பின்வாங்க, இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட பீட்மாண்ட்-சார்டினியா அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலும் பிரான்சின் மூன்றாம் நெப்போலியனும் மிலானுக்குள் நுழைந்திருந்தார்கள். செப்டம்பரில் மிலானின் கலை அகாதமியான பிரேராவின் கண்காட்சியில் படம் வந்தபோது, உடை என்னவோ இடைக்காலத்து உடைதான், ஆனால் அவன் நாட்டுக்காகப் போருக்குப் போகிற இளைஞன் என்பது கூட்டத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

நிகழ்கால அரசியலுக்குப் பழங்கால உடை மாட்டிவிடும் இந்த வேஷம் ஹாயெஸுக்குப் பழகிய வித்தை. 1791இல் வெனிஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து சித்தப்பா-சித்தி முறையில் உள்ளவர்களிடம் வளர்ந்தவர், 1809இல் உதவித்தொகையில் ரோமுக்குப் போனார், அங்கே சிற்பி கனோவாவின் ஆதரவு கிடைத்தது. எல்லாரும் கிரேக்க, ரோம வீரர்களையே வரைந்துகொண்டிருந்த காலம். இவர் 1820இல் மிலானில் காட்டியது பியெத்ரோ ரோஸ்ஸியை: வெனிஸ் படைக்குத் தலைமை ஏற்கப் போகிற 14ஆம் நூற்றாண்டுத் தளபதி, சுற்றிலும் கலங்கி நிற்கிற குடும்பம். பெயர் வந்தது அதில்தான்.

மிலானை அப்போது ஆண்டது ஆஸ்திரியா, தணிக்கையும் இருந்தது. ஆனால் 1282இல் சிசிலி மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தை வரைந்தால் அதிகாரி என்ன செய்வார்? ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஐயா, அவ்வளவுதான்!

[திரையில்: சிறையில் அரேசே பிரபு, 1828]

எனக்கு அதிகம் பிடித்த படத்தில் வேஷமே கிடையாது. ஆஸ்திரியாவுக்கு எதிரான சதியில் சிக்கிச் சிறை போய் வந்தவர் அரேசே. பிரபுக்கள் பதக்கம் குத்திக்கொண்டு உட்காரும் இடத்தில் இவர் சிறை அறையில் சங்கிலியோடு இருக்கிறார், அதுவும் தானே கேட்டு வரையச் சொன்ன படம். பெரிய கூட்டக் காட்சிகளில் ஹாயெஸ் கொஞ்சம் நாடக மேடை மாதிரி ஆகிவிடுவார் (‘ஜெருசலேம் கோயில் அழிவு’ ஓவியத்தைப் பாருங்கள்), ஒற்றை மனிதர் என்றால் கை தவறாது. இத்தாலிய நாவலாசிரியர் மன்சோனியை 1841இல் வரைந்ததும் அப்படித்தான்.

1850இல் பிரேரா அகாதமியில் பேராசிரியர் ஆனார், 1882இல் மிலானிலேயே காலமானார். ‘முத்தம்’ 1886இல் பிரேராவுக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் 1922இல் அந்த ஜோடி ‘பாச்சி’ (முத்தங்கள்) என்ற இத்தாலிய சாக்லேட்டின் டப்பாவுக்கும் போனது, அரசியல் எல்லாம் கழன்று வெறும் காதலாக.