மிடாக் தெரு, ஏழாம் எண்

அவையோருக்கு வணக்கம். கலைஞர்கள் கூடி வாழ்ந்த வீடு என்றால் விடிய விடியக் குடியும் கூத்தும்தான் என்று நினைக்கிறோம். நான் பேசப்போவது அந்த வீட்டின் வாடகையைப் பற்றி.

1940. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் கதைகளைத் தேர்ந்தெடுத்துவந்த ஜார்ஜ் டேவிஸ், வேலையை விட்டு வந்த கையோடு நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸில், மிடாக் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிடித்தார். கூடவே ஆங்கிலக் கவிஞர் ஆடன். எழுத்தாளர் கார்சன் மெக்கல்லர்ஸும் சேர்ந்துகொண்டார்; முதல் நாவல் அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்த அவருக்கு வயது 23. பிறகு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் அவர் துணைவர், பாடகர் பீட்டர் பியர்ஸும் வந்தார்கள். ஜெர்மனியை விட்டு வந்த வரலாற்றாசிரியர் கோலோ மான் மாடியில் தங்கினார். துகிலுரி நடன நட்சத்திரம் ஜிப்சி ரோஸ் லீ வந்தது துப்பறியும் நாவல் எழுத; எழுதியும் முடித்தார்! பலருக்குப் பிப்ரவரியில் பிறந்தநாள் என்பதால் 'பிப்ரவரி வீடு' என்று பெயர் வைத்தவர் எழுத்தாளர் அனாயிஸ் நின்.

தன்பாலீர்ப்பு அன்று நியூயார்க்கில் சட்டப்படி குற்றம். இசையமைப்பாளர் பிரிட்டனின் சொந்த நாடான இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் யார் யாருக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வாடகை பாக்கியைக் கேட்டார்கள்! கேட்டவர் ஆடன். அறையைக் குப்பையாக வைத்திருந்த அதே மனிதர்தான் கணக்குப் பார்த்தார், பணம் வசூலித்தார், சாப்பாட்டு நேரத்தைக் கறாராக நடத்தினார். மேசைக்கு வந்ததும் அன்றைய பதார்த்தங்களை அறிவிப்பார். அதே மூச்சில், சாப்பிடும்போது அரசியல் பேசக்கூடாது என்பார். இத்தனைக்கும் ஐரோப்பாவில் போர் நடக்கிறது. அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால், டேவிஸின் தாராளத்துக்கு அந்தக் குடித்தனம் மூன்று மாதம் தாங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

அந்த ஆண்டு நவம்பரில், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாள் இரவு. தெருவில் தீயணைப்பு வண்டியின் சத்தம். கார்சனும் ஜிப்சியும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் கார்சன் சட்டென்று ஜிப்சியை நிறுத்தினார். பிடிபடாமல் இழுத்தடித்த கதை பிடிபட்டுவிட்டது: அண்ணன் மேலும் அவன் கட்டப்போகிறவள் மேலும் ஒருசேர ஆசை வைத்து, அந்தக் கல்யாணத்திலேயே சேர்ந்துகொள்ளத் துடிக்கும் சிறுமி. அது நாவலாக வெளிவர 1946 ஆயிற்று.

ஆடனும் பிரிட்டனும் சேர்ந்து படைத்த 'பால் பன்யன்' என்ற இசை நாடகம் 1941 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேடையேறி, விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. பிரிட்டன் அதைப் பல பத்தாண்டுகள் ஓரமாக வைத்துவிட்டார். ஆடன் மிச்சிகனுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். பின்னர் எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் குடும்பத்தோடு மிடாக் தெரு வீட்டில் குடியேறினார். 1945இல் நெடுஞ்சாலை போட வீட்டை இடித்தார்கள்.