சத்தியத்தை மீறியவனும் விரல்களை இழந்தவனும்

நேயர்களுக்கு வணக்கம். மாயாஜாலக் கதை என்றால் நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் இன்னொரு பக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடுகிற விளையாட்டு, அந்தக் கதாபாத்திரங்களை வேறு மாதிரி பிரித்தது: ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், இரண்டுக்கும் நடுவே. 1978-இல் வந்த அதன் விதிநூலில் நன்மை தீமையையும் குறுக்கே சேர்த்து ஒன்பது கட்டங்கள் ஆக்கினார்கள். விதியை மதிக்கிற அயோக்கியனுக்கும், விதியை மதிக்காத நல்லவனுக்கும் அப்போது தனித்தனி இடம் கிடைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஆளை இரண்டு கடமைகள் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால், எந்தக் கட்டத்தில் போடுவது?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில், அதாவது கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்கு மூலமான கதையில், ஜேமி லானிஸ்டர் வருகிறான். அரசனின் மெய்க்காவலன். உயிரைக் கொடுத்தாவது அரசனைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவன், பதினேழு வயதில் அதே அரசனைக் கொன்றான். ஊரே காறித் துப்புகிறது. முதல் நாவலில் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடவும் செய்கிறான்; நாமும் சேர்ந்து வெறுக்கிறோம். அது 1996. மூன்றாவது நாவல் 2000-இல் வந்தபோதுதான் காரணம் தெரிகிறது. தோற்கப்போகிற அந்தப் பைத்தியக்கார அரசன், தலைநகரத்தை மக்களோடு சேர்த்து எரிக்க உத்தரவிட்டிருந்தான். சத்தியத்தைக் காத்திருந்தால் ஊர் சாம்பல்.

சரி, அப்படியானால் ஜேமி நல்லவனா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜன்னலிலிருந்து விழுந்த பையன் இனி நடக்கப்போவதில்லை. ஊரைக் காப்பாற்றியதை வைத்து அந்தக் கணக்கை நேர்செய்ய மார்ட்டின் விடுவதுமில்லை.

இதே கதையில் ஸ்டானிஸ் என்று ஒருவர், சட்டம் என்றால் சட்டம்தான். அவர் காத்துநின்ற கோட்டை முற்றுகையில் சிக்கி, உள்ளே எலியைத் தின்கிற நிலை. டாவோஸ் என்ற கடத்தல்காரன் இருட்டில் படகு நிறைய வெங்காயமும் கருவாடும் கொண்டுவந்து எல்லோரையும் பிழைக்க வைக்கிறான். ஸ்டானிஸ் அவனுக்கு நிலமும் வீரப் பட்டமும் தருகிறார். பழைய கடத்தலுக்குத் தண்டனையாக இடது கை விரல்களின் நுனியையும் வெட்டுகிறார். வெட்டுவதானால் நீங்களே வெட்ட வேண்டும் என்று டாவோஸ் நிபந்தனை போட்டானாம்! அதைவிட வேடிக்கை, அந்தத் தண்டனை நியாயமானது என்றே அவன் நம்புகிறான்.

அப்படிப்பட்டவன்தான் பின்னால் எசமானை மீறுகிறான். நாட்டைக் காக்க அரச ரத்தம் வேண்டும் என்று சொல்லி, ஸ்டானிஸின் அண்ணன் மகனைத் தீயில் பலியிடத் தூண்டுகிறாள் ஒரு மந்திரக்காரி. ஓர் உயிருக்கு ஒரு நாடு, கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. டாவோஸ் அந்தக் கணக்கோடு வாதாடியும் பார்க்கிறான், பலிக்கவில்லை. அப்புறம் பையனை ரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறான். ஸ்டானிஸ் வாளை உருவும்போது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. வடக்கு எல்லையிலிருந்து உதவி கேட்டு வந்த ஒரு கடிதத்தை எடுத்து, புதிதாகக் கற்ற எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தொடங்குகிறான். ஸ்டானிஸ் படையோடு வடக்கே போகிறார்.