காட்டுத்தீக்குப் பதறுகிறோம், பைசனுக்கு ஏன் பதறவில்லை?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து பேசுகிறேன். மேடிசன் ஆற்றங்கரையில், சாலையை விட்டு ஒதுங்கி, கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு சின்னக் காணொளி போட்டிருந்தேன். மலைமுகட்டுக்குப் பின்னால் புகை எழுவது அதில் தெரிந்தது. அதைப் பார்த்துப் பலர் பதறிப்போய் எழுதியிருக்கிறீர்கள். "உடனே அங்கிருந்து கிளம்புங்கள்", "ஐயோ, அந்த விலங்குகள் எல்லாம் என்ன ஆகும்" என்று. உங்கள் அக்கறைக்கு நன்றி. ரேஞ்சரிடம், அதாவது பூங்காக் காவலரிடம், விசாரித்துவிட்டேன். மின்னல் விழுந்து பற்றிய தீ அது. சாலையிலிருந்து வெகுதூரத்தில் எரிகிறது. கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே காணொளியின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. சாலையோரம் ஒரு பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, மேய்ந்துகொண்டிருக்கிறது. ஒருவர் தன் பிள்ளையை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் பின்னால் போ" என்று கையைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட எழுதவில்லை. இரவு முழுவதும் அதுதான் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்று சுற்றிக் காட்டுவதைவிடப் பேசுவது அதிகமாக இருக்கும்.

முதலில் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லோஸ்டோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1988. அந்த ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழக்கத்தைவிட நல்ல மழை. ஜூனிலிருந்து வானம் பொய்த்துவிட்டது. ஏற்கனவே மின்னலால் ஆங்காங்கே தீப்பற்றியிருந்தது. 1972 முதல் இங்கே இருந்த வழக்கம் என்னவென்றால், இயற்கையாகப் பற்றும் தீ மனிதர்களுக்கோ கட்டிடங்களுக்கோ ஆபத்தில்லை என்றால் அதைத் தானாக எரிந்து அடங்க விடுவது. 1987 வரை அப்படி விடப்பட்டவை 235 தீக்கள். அவற்றில் 15 மட்டுமே 100 ஏக்கரைத் தாண்டின. அந்த நம்பிக்கையில்தான் 1988 கோடையும் தொடங்கியது.

ஜூலை 21-ஆம் தேதி, இனி எல்லாத் தீயையும் அணைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு அடுத்த நாளே, பூங்கா எல்லைக்கு வெளியே, மரம் வெட்ட வந்த ஒருவர் வீசிய சிகரெட்டிலிருந்து ஒரு தீ பிடித்தது. நார்த் ஃபோர்க் தீ என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டின் பெருந்தீக்களில் ஒன்றாக அது வளர்ந்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி சூறைக்காற்று. அந்த ஒரே நாளில் 1,50,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. கருப்புச் சனிக்கிழமை என்று இன்றும் அந்த நாளைச் சொல்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி தீ ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கொதிநீர் ஊற்று வரை வந்துவிட்டது. அங்கே 1904-இல் கட்டி முடித்த மிகப் பெரிய மர விடுதி ஒன்று இருக்கிறது. கூரையெல்லாம் மரச்சில்லு. அதை நனைத்து நனைத்துக் காப்பாற்றினார்கள். காற்றும் கடைசி நேரத்தில் திசை மாறிக் கைகொடுத்தது.

அந்தக் கோடையில் சுமார் 25,000 பேர் மாறி மாறி வந்து தீயணைப்பில் உழைத்திருக்கிறார்கள். 12 கோடி டாலர் செலவு. இத்தனைக்கும் தீயை அடக்கியது அவர்கள் அல்ல, செப்டம்பர் 11-ஆம் தேதி பெய்த பனி. மொத்தம் 7,93,880 ஏக்கர், பூங்காவில் நூற்றுக்கு 36 பங்கு, தீப்பட்டது. எல்லோஸ்டோன் அழிந்தே போய்விட்டது என்றுதான் அப்போது பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

இப்போது கேமராவை அப்படியே திருப்புகிறேன், பாருங்கள். எனக்குப் பின்னால் அடர்த்தியாகப் பச்சையாக நிற்கிறதே, இந்த மரங்கள் எல்லாம் 1988-க்குப் பிறகு முளைத்தவை. உள்ளே நுழையக்கூட இடைவெளி இல்லை. கீழே பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன அல்லவா? அவை அன்று எரிந்து நின்று, பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்த பழைய மரங்கள். இன்னும் மட்கி முடியவில்லை.

இந்தக் கிளையைப் பக்கத்தில் காட்டுகிறேன். பறிக்க மாட்டேன், இங்கே ஒரு விதைக்கூம்பைக்கூட எடுத்துப் போகக் கூடாது. இது லாட்ஜ்போல் பைன். இங்குள்ள காட்டில் பெரும்பகுதி இந்த மரம்தான். கூம்பின் செதில்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பாருங்கள். விரலால் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. நகத்தை உள்ளே விட முடியவில்லை. செதில்களின் இடுக்கில் பளபளப்பாகத் தெரிவது பிசின். இந்தப் பிசின் உருகினால்தான் கூம்பு விரியும், உருகச் சூடு வேண்டும். அதுவரை ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே மூடிக்கிடக்கும். தீ வந்து போனதும் பிசின் இளகி, செதில்கள் விரிந்து, சாம்பல் படிந்த மண்ணில் விதை கொட்டும். எல்லா லாட்ஜ்போல் மரத்திலும் இப்படிப்பட்ட கூம்பு இருக்காது, சில மரங்களில் சாதாரணமாக விரிகிற கூம்புகளும் உண்டு. ஆனால் மூடிய கூம்புகள் நிறைய இருந்த இடங்களில், 1988-க்குப் பிறகு ஒரு ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் கன்றுகள் முளைத்தன.

விலங்குகளைப் பற்றிக் கேட்டீர்கள். பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் அப்போது 40,000 முதல் 50,000 எல்க் மான்கள் இருந்திருக்கும் என்று கணக்கு. தீயில் செத்தவை 345. பைசன்கள் 9, கருங்கரடிகள் 6. பெரும்பாலும் புகையில் மூச்சுத்திணறிச் செத்தவை. ஒவ்வொரு உயிரும் உயிர்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடை முழுக்க எரிந்த காட்டில் நாம் எதிர்பார்ப்பது இந்த எண்ணிக்கையை அல்ல. மிகப் பெரும்பாலான விலங்குகள் தீ வரும் வழியிலிருந்து விலகி நடந்து போய்விட்டன. எல்க் கூட்டத்துக்கு உண்மையான அடி அடுத்து வந்த பனிக்காலத்தில்தான் விழுந்தது. மேய்ச்சல் நிலம் எரிந்துபோயிருந்தது, பனியும் கடுமை, பசியால் ஏராளமாகச் செத்தன. அதற்குப் பிறகு எரிந்த மரங்களில் வண்டுப் புழுக்கள் பெருகின, அவற்றைத் தின்ன மரங்கொத்திகள் வந்தன. நிலம் வெயில் கண்டதால் புல் செழித்தது. வழக்கமாக வேரிலிருந்து தளிர்க்கும் ஆஸ்பென் மரம், எரிந்த மண்ணில் விதையிலிருந்தே முளைத்து ஆய்வாளர்களை ஆச்சரியப்படுத்தியது.

இந்தக் காட்டுக்குத் தீ பழக்கம். கூட்டம் பழக்கமில்லை. நான் சொல்ல வந்ததே அதுதான்.

பூங்கா தொடங்கியது 1872-இல், உலகின் முதல் தேசியப் பூங்கா. 2021-இல் மட்டும் இங்கே வந்தவர்கள் 48 லட்சத்துக்கும் மேல். அந்த ஜூலை மாதத்தில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது. பரப்பளவு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், தாராளமாக இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் எல்லோரும் போவது 229 கிலோமீட்டர் வட்டச் சாலையில், அதிலும் பேர்போன சில இடங்களுக்கு. பள்ளத்தாக்குகளில்தான் நல்ல புல், ஆறு, சமவெளி. சாலை போட்டதும் அங்கேதான். விலங்குகள் பிழைப்பு நடத்தும் இடமும் நாம் கார் ஓட்டும் இடமும் ஒன்றாகிவிட்டது.

இன்று காலை இந்தச் சாலையில் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. பைசன் மந்தை ஒன்று தார்ச்சாலையிலேயே நடந்து வந்துகொண்டிருந்தது. தாய்கள், செம்பழுப்புக் கன்றுகள், பின்னால் ஒரு பெரிய காளை. காருக்குள் இருந்தவரை பிரச்சினை இல்லை. முதல் கதவு திறந்தது. அவ்வளவுதான், பின்னால் இருந்தவர்களும் செல்போனோடு இறங்கிவிட்டார்கள். காளை நின்றது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. பிறகு வாலைத் தூக்கியது. நண்பர்களே, பைசன் வாலைத் தூக்கினால் அது எச்சரிக்கை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ரேஞ்சர் ஓடிவந்து கத்தி எல்லோரையும் காருக்குள் அனுப்பினார். அந்தப் பெண்ணின் குரல் கம்மிப்போயிருந்தது. நாள் முழுக்க இதே வேலை என்றால் கம்மாமல் என்ன செய்யும்?

வளர்ந்த காளை 900 கிலோ வரை இருக்கும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மந்தமாக மேய்வதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்தப் பூங்காவில் மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு கரடி அல்ல, பைசன். விதி இதுதான்: பைசன், எல்க் போன்றவற்றிலிருந்து 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர். அது நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும்.

முட்டு வாங்கியவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. விலங்குகளுக்கு நேர்வது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. 2016-இல் ஒரு பைசன் கன்று குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துச் சிலர் அதைத் தூக்கிக் காரில் ஏற்றிவிட்டார்கள். பிறகு பூங்கா ஊழியர்கள் அதை மந்தையோடு சேர்க்கப் பலமுறை முயன்றார்கள். மந்தை ஏற்கவில்லை. கன்று சாலைக்கு வந்து கார்களையும் மனிதர்களையும் நெருங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று. 2023-லும் அதே மாதிரி நடந்தது. ஆற்றைக் கடக்கும்போது தாயைப் பிரிந்த கன்றை ஒருவர் கரையேற்றித் தள்ளிவிட்டார். மந்தை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதையும் கொன்றார்கள். இரண்டு தடவையும் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இரக்கப்பட்டுத்தான் கை வைத்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கரடிகளின் கதை இன்னும் நீளம். ஒரு காலத்தில் இங்கே கரடிகள் குப்பைமேட்டில் தின்பதைப் பார்க்க இருக்கை போட்டு வைத்திருந்தார்கள், தெரியுமா? 1941-இல்தான் அந்தக் காட்சி நின்றது. அதன் பிறகும் கார் ஜன்னல் வழியே தின்பண்டம் கொடுப்பது பல ஆண்டுகள் நடந்தது. 1970 வாக்கில் குப்பைமேடுகளை மூடியபோது, அதை நம்பிப் பிழைத்த கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடிகள் முகாம்களுக்குள் புகுந்தன, பல கொல்லப்பட்டன. 1975-இல் இந்தப் பகுதி முழுவதுக்கும் 136 கிரிஸ்லிகள்தான் மிஞ்சியிருந்தன என்று மதிப்பிட்டார்கள். இப்போது ஏறக்குறைய ஆயிரம். 1988-இல் எரிந்த இடத்தில் அடுத்த கோடையிலேயே கன்று முளைத்துவிட்டது. ஊட்டி ஊட்டிக் கெடுத்த கரடி இனம் நிமிர எத்தனை பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதால் தீ ஒன்றும் செய்யாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிலும் இப்போது மாற்றம் வந்துவிட்டது. இங்கே ஒரே இடம் மீண்டும் பெரிதாக எரிய நூறு முதல் முந்நூறு ஆண்டுகள் ஆகும் என்பது பழைய கணக்கு. 2016-இல் மேப்பிள் தீ என்று ஒன்று, இதோ இந்தச் சாலைக்கு வடக்கே, சுமார் 45,000 ஏக்கரை எரித்தது. எரிந்ததில் பெரும்பகுதி 1988-க்குப் பிறகு முளைத்த இளங்காடு. 28 வயது மரத்தில் எத்தனை கூம்பு சேர்ந்திருக்கும்? முதிர்ந்த மரத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. உள்ள கூம்பும் கடும் வெப்பத்தில் கருகிவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மோனிகா டர்னர் 1988 முதல் இந்தக் காட்டை ஆராய்ந்து வருபவர். இப்படிக் குறுகிய இடைவெளியில் இரண்டாவது முறை எரிந்த இடங்களில் மரக்கன்றுகள் வெகுவாகக் குறைந்திருப்பதை அவருடைய குழு அளந்து காட்டியிருக்கிறது. வெப்பம் கூடுகிறது, பனி முன்னதாகவே உருகுகிறது, காடு காயும் காலம் நீள்கிறது. தீயும் தன் பழைய கணக்கை மீறத் தொடங்கினால் இந்தக் கூம்பால் ஈடுகொடுக்க முடியாது.

கடைசியாக, எந்த மாதம் வரலாம் என்று கேட்டவர்களுக்கு. ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் புகையும் சேர்ந்து வரும் காலம், பைசன்களின் இணைசேரும் காலமும் அதுவே, காளைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. செப்டம்பரில் கூட்டம் குறையும், ஆனால் எல்க் மான்களின் முறை அப்போதுதான். பூங்காவின் வடக்கே மாம்மத் என்ற இடத்துப் பக்கம் ஆண் எல்க் நிறுத்தியிருக்கும் காரைக்கூட முட்டும், அங்கே தள்ளியே நில்லுங்கள். மே மாதத்தில் பைசன் கன்றுகளைப் பார்க்கலாம், குளிர் இருக்கும். எந்த மாதம் வந்தாலும் விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், நல்ல தொலைநோக்கி ஒன்று கொண்டுவாருங்கள், நிறுத்துமிடத்தில் மட்டும் காரை நிறுத்துங்கள். தீ நிலவரமும் சாலை நிலவரமும் பூங்காவின் இணையதளத்தில் இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில் யாராவது பிள்ளையைப் பைசன் அருகே அனுப்பினால் வாயைத் திறந்து சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நாளை இருட்டிலேயே புறப்பட்டு லமார் பள்ளத்தாக்குக்குப் போகிறேன். 1926-இல் இங்கே அடியோடு அழிக்கப்பட்டு, 1995-இல் கனடாவிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்ட ஓநாய்களின் வழிவந்தவை அங்கே இருக்கின்றன. கண்ணில் பட்டால், தூரத்திலிருந்தே காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.